நான் இப்போது யார்? ஞானஸ்நான வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுக்க ஆயத்தமாகிறவர்களுக்கு ஆறு வாரம் வகுப்பு உண்டு. சில வருடங்களாக அந்தப் பொறுப்பு என்னிடம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டுவிடலாம், பெயர் போட வேண்டாம். அந்தச் சீட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. எடுத்து அடுக்கிப் பார்த்தால் கையெழுத்துதான் மாறுகிறது, கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இயேசுவை விசுவாசித்துவிட்டேன். இப்போது நான் யார்?" அதிகம் வந்த கேள்விகளுக்கு, வகுப்பில் சொல்வதையே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். வசனங்கள் நம் நாவில் பழகிய பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

கேள்வி: "கிறிஸ்துவுக்குள் புது சிருஷ்டி" என்கிறீர்கள். அப்படியென்றால் என்ன? எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றவில்லையே?

ஊருக்குப் போனால் பெரியவர்கள் நம் பெயரை முதலில் கேட்பதில்லை. "நீ யார் வீட்டுப் புள்ள?" என்றுதான் கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னதும் "ஓ, அவன் மகனா!" என்று முகம் மலரும். என்ன படித்தோம், என்ன வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வேதம் சொல்லும் புது அடையாளமும் இந்த வகைதான். "இப்படியிருக்க, ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:17). நாம் "புதுச்சிருஷ்டி" என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறோம். வசனம் தொங்குவதோ "கிறிஸ்துவுக்குள்" என்ற சொல்லில். பவுலின் கடிதங்களைத் திறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான்: கிறிஸ்துவுக்குள், கர்த்தருக்குள், அவருக்குள். இயேசுவின் மரணம் என் மரணமாகக் கணக்கில் வருகிறது, அவருடைய உயிர்த்தெழுதல் என் ஜீவனாகிறது, பிதா தம் குமாரனைப் பார்க்கிற பார்வை என்மேலும் விழுகிறது. நான் எங்கே சேர்க்கப்பட்டிருக்கிறேன் என்பதைப் பொறுத்த காரியம் இது. காலையில் எந்த மனநிலையில் எழுந்தேன் என்பதைப் பொறுத்ததல்ல. தலைவலியோடு எழுந்த நாளிலும் நான் என் அப்பாவின் பிள்ளைதானே?

கேள்வி: எல்லா மனுஷரும் கடவுளின் பிள்ளைகள்தானே? தனியாக எதற்குப் பிள்ளையாக வேண்டும்?

எல்லாரையும் படைத்தவர் அவர்தான். எல்லாரும் அவருடைய சாயலைச் சுமக்கிறவர்கள். இதை மறந்து அடுத்த மதத்தாரை இளக்காரமாகப் பேசுகிறவன் ஆதியாகமம் முதல் அதிகாரத்தையே படிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் பிள்ளை என்கிற உறவைப் பற்றி யோவான் வேறுவிதமாக எழுதுகிறார்: அவரை ஏற்றுக்கொண்டவர்களுக்கு "தேவனுடைய பிள்ளைகளாகும்படி" அதிகாரங்கொடுத்தார் (யோவான் 1:12). இந்த "ஆகும்படி"க்குப் பவுல் வைத்திருக்கும் பெயர் புத்திரசுவிகாரம். தத்து எடுப்பது.

பவுலின் வாசகர்களுக்குத் தத்து என்றதும் நினைவுக்கு வரக்கூடிய ஒரு பெரிய மனிதர் இருந்தார். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட பிறகு அவருடைய உயிலைப் பிரித்தார்கள். அக்கா தங்கை வழியில் பேரன் முறையான ஆக்டேவியன் என்ற 18 வயதுப் பையனைத் தன் மகனாகச் சுவிகாரம் செய்திருந்தார். பையன் அன்றிலிருந்து சீசர் என்ற பெயரைப் போட்டுக்கொண்டான். உனக்கு உள்ளதெல்லாம் அந்தப் பெயரால் வந்ததுதானே என்று எதிராளி அந்தோனி ஏளனம் செய்தான். அந்தப் பையன்தான் பின்னாளில் அகுஸ்து ஆனார். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்ட அதே அகுஸ்துராயன். அவர் ஆட்சியில் பெத்லகேமில் பிறந்தவர், தம்முடைய பெயரை நமக்குத் தருகிறார். அந்தோனி ஏளனமாகச் சொன்னதை ஒரு விசுவாசி கண்ணீரோடு ஒப்புக்கொள்ளலாம்: ஆமாம், எனக்கு உள்ளதெல்லாம் அந்தப் பெயரால் வந்ததுதான்.

கேள்வி: நான் நாலு தலைமுறைக் கிறிஸ்தவன். எனக்கும் இது பொருந்துமா?

நிக்கொதேமுவுக்கு நாலு தலைமுறை அல்ல, ஆபிரகாம் வரைக்கும் பரம்பரை இருந்தது. அவரிடம்தான் இயேசு "மறுபடியும் பிறக்கவேண்டும்" என்று சொன்னார் (யோவான் 3). நல்ல குடும்பம் பெரிய கிருபை. என் பாட்டியின் முழங்கால் ஜெபத்துக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனால் பாட்டி விசுவாசித்தது பாட்டிக்கு.

கேள்வி: என் விசுவாசம் ரொம்பச் சின்னது. சந்தேகம் வருகிறது. அப்படியிருந்தும் இந்த அடையாளம் எனக்கு உண்டா?

குழாயடியில் குடத்தை வைக்கிறோம். தண்ணீர் குடத்திலிருந்து வருவதில்லை. விசுவாசம் குடத்தை வைப்பது மாதிரி. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8). வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன்" என்றும் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றும் ஒரே மூச்சில் கதறினான். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கிக் கொடுத்தார்.

கேள்வி: இது ஒரு மனிதனுக்கு நிஜமாக நடந்ததை வேதத்திலிருந்து காட்ட முடியுமா?

ஒநேசிமு. வகுப்பில் ஒரு வாரம் முழுக்க இவனுக்காகவே ஒதுக்குகிறேன்.

பிலேமோனுக்கு எழுதின நிருபம் ஒரே அதிகாரம், 25 வசனம். பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். பிலேமோன் வசதியுள்ளவன், அவன் வீட்டிலேயே சபை கூடுகிறது. அவனுடைய அடிமை ஒநேசிமு. வீட்டை விட்டு ஓடிவந்தவன் என்றும், ஏதோ நஷ்டமும் ஏற்படுத்தியவன் என்றும் இந்தக் கடிதத்தைக் காலங்காலமாக வாசித்து வந்திருக்கிறார்கள். காவலில் இருந்த பவுலைச் சந்திக்கிறான், விசுவாசியாகிறான். இப்போது பவுல் அவனைப் பழைய எஜமானிடமே, கையில் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறார்.

ஓடிப்போன அடிமைக்கு அந்த உலகம் என்ன அடையாளம் கொடுத்தது என்று தெரிந்தால்தான் கடிதத்தின் கனம் புரியும். ரோமில் கிடைத்த பிற்காலக் கழுத்து வளையம் ஒன்று இருக்கிறது. இரும்பு வளையம், அதில் தொங்கும் தகடு. தகட்டில் எழுதியிருப்பதன் சாரம் இது: நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடி; என் எஜமானிடம் சேர்த்தால் உனக்கு ஒரு பொற்காசு. கழுத்தில் அதை மாட்டியிருந்தவனின் பெயர் தகட்டில் இல்லை. எஜமானின் பெயர் இருக்கிறது.

அப்படிப்பட்ட உலகத்தில் பவுல் எழுதுகிறார்: "என் உள்ளம்போலிருக்கிற அவனை நீர் ஏற்றுக்கொள்ளும்." ஒநேசிமு என்றால் பயனுள்ளவன். முன்னே உமக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்போது உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன் என்று அந்தப் பெயரை வைத்தே பவுல் அன்போடு விளையாடுகிறார். இனிமேல் அவன் அடிமையாக அல்ல, "பிரியமுள்ள சகோதரனாக" இருக்க வேண்டும் என்கிறார். அடுத்து வருகிற வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அவன் உமக்குக் கடன்பட்டது ஏதாவது இருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." வேறொருவர் கையால் எழுதவைப்பது பவுலின் வழக்கம், இங்கேயோ, இதை நானே என் சொந்தக் கையாலே எழுதுகிறேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று கடன்பத்திரம் போலவே எழுதிக் கொடுக்கிறார். சிலுவையில் இயேசு செய்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் ரோமர் நிருபத்துக்கு முன்னால் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

கொலோசெயருக்கு எழுதின கடிதத்தின் கடைசியிலும் அவன் பெயர் வருகிறது: "உங்களிலொருவனாயிருக்கிற" ஒநேசிமு. அடிமை என்ற சொல்லே அங்கே இல்லை.

கேள்வி: எல்லாம் புதிதாயின என்றால், என் பழைய கோபம் (குடி, பொய், பயம்) ஏன் இன்னும் வருகிறது? நான் இரட்சிக்கப்படவில்லையா?

டப்பாவில் அதிகம் விழுந்த சீட்டு இதுதான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைகள் அதிகம். முன்பணம் வாங்கிவிட்டு, அது அடையாமல், குடும்பத்தோடு வருடக்கணக்காக அங்கேயே கிடந்தவர்களை எனக்குத் தெரியும். 1976-ல் வந்த கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, அப்படி மீட்கப்பட்டவர்களுக்குக் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். அந்தக் கடனும் அதோடு ரத்து. ஒரு பைசா திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படி மீட்கப்பட்ட ஒரு பெரியவர் எங்கள் சபைக்கு வந்தார். சான்றிதழை நாலாக மடித்து, பாலிதீன் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்திருப்பார். முதல் மூன்று மாதம் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. நாம் சொல்லச் சொல்ல, "இருக்கட்டும் ஐயா" என்று தரையிலேயே உட்காருவார். சூளையில் கல் அறுக்க எழுந்த பழக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். சூளை முதலாளி வருவது அந்த வண்டியில். ஒருநாள் ஆராதனை நடுவில் அப்படி எழுந்தார். பக்கத்தில் இருந்த தம்பி அவர் கையைப் பிடித்து, சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். பெரியவர் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார்.

அவர் விடுதலையானவரா, இல்லையா? எழுந்து நின்றதனால் சான்றிதழ் செல்லாமல் போயிற்றா? இல்லை. விடுதலை ஒரே நாளில், ஒரு கையெழுத்தில் வந்தது. அந்த விடுதலை கால்களுக்கும் காதுகளுக்கும் தூக்கத்துக்கும் போய்ச் சேர மாதங்கள் ஆயிற்று. ரோமர் ஆறாம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. நீங்கள் பாவத்துக்கு மரித்தவர்கள் என்பது முதலில் வருகிறது. அப்படியே உங்களை எண்ணிக்கொள்ளுங்கள் என்பது அதற்குப் பின்னால் வருகிறது. நாம் தலைகீழாக்கி, முதலில் பாவத்தை ஜெயித்துக் காட்டினால்தான் பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்கத்தான் செய்யும். எழுந்து நிற்க வேண்டிய கட்டாயம்தான் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரிந்து சபையில் கட்சிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, கர்த்தருடைய பந்தியில் சிலர் குடித்து வெறித்திருக்க ஏழைகள் பசியோடிருந்த அவலம், எல்லாம் இருந்தது. அதையெல்லாம் கடுமையாகக் கண்டிக்கப்போகிற கடிதத்தைப் பவுல், பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்களே என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறார். அவர்கள் யார் என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டே அவர்கள் செய்ததைத் தப்பு என்கிறார். நல்ல தகப்பன் "நம்ம வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்யலாமா?" என்று கேட்பது போல. "நீ என் பிள்ளையே இல்லை" என்று தொடங்குகிற திட்டைப் பிரசங்க பீடத்திலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். அது சுவிசேஷம் அல்ல.

குடி போன்ற பழக்கத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜெபத்தோடு மருத்துவ உதவியும் தேடுங்கள். நெடுங்காலக் குடியைத் திடீரென்று நிறுத்தும்போது உடம்புக்கு ஆபத்து வரலாம். டாக்டர் மேற்பார்வை அவசியம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவல்ல.

கேள்வி: மறுபடியும் பெரிதாக விழுந்துவிட்டால் இந்த அடையாளம் போய்விடுமா?

ஒரு விசுவாசி கடைசிவரை விழுந்தே போகக்கூடுமா என்பதில் சபைப்பிரிவுகளுக்குள் பழைய வாதம் உண்டு. அதில் எந்தப் பக்கம் நின்றாலும், மனம் உடைந்து திரும்பி வருகிறவனைக் கர்த்தர் தள்ளுவதில்லை என்பதில் வேறுபாடு கிடையாது.

இயேசுவை அறியேன் என்று பேதுரு மறுதலித்தது எங்கே? பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த இயேசு அவனைச் சந்தித்தபோது கடற்கரையில் என்ன இருந்தது? கரிநெருப்பு, அதன்மேல் மீன் (யோவான் 21:9). அந்த வாசனையிலேயே அவனுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்கும். இயேசு முதலில் சாப்பிடச் சொல்கிறார். அப்புறம்தான் பேச்சு. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் பொறுப்பு: என் ஆடுகளை மேய்.

கேள்வி: பெயரை மாற்ற வேண்டுமா? தமிழ்ப் பெயரோடு, இந்துப் பெயரோடு இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். சவுல் தமஸ்கு வழியில் பவுலாக மாறினார் என்பது பிரசங்கத்தில் வந்த பழக்கம். மனந்திரும்பியபின்பும் அப்போஸ்தலர் நடபடிகள் அவரைச் சவுல் என்றே பல அதிகாரங்களுக்கு அழைக்கிறது. 13:9-ல்தான் "பவுல் என்னப்பட்ட சவுல்" என்று வருகிறது. அவருக்கு இரண்டு பெயரும் இருந்தது; கிரேக்க ரோம ஊர்களுக்குள் போகும்போது அங்கே பழகிய பெயர் முன்னுக்கு வந்தது, அவ்வளவுதான். ஆதிச்சபை ஊழியர்களில் அப்பொல்லோவின் பெயர் அப்போலோ என்ற கிரேக்கத் தெய்வத்திலிருந்து வந்தது. எப்பாப்பிரோதீத்துவின் பெயருக்குள் அப்ரோதீத்து தேவியே உட்கார்ந்திருக்கிறாள். இவர்களிடம் பெயரை மாற்றச் சொன்னதாக வேதத்தில் ஒரு வரி இல்லை.

நம் நாட்டில் நெல்லைச் சீமையில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னால் நின்றது. கிருஷ்ணன் என்ற பெயரே கடைசிவரை விளங்கியது. வைணவக் குடும்பத்தில் கற்ற தமிழையும் கம்பனையும் அவர் தூக்கி எறியவில்லை. அந்தத் தமிழில்தான் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் பிறந்தது. இயேசுவுக்குள் வருவதால் நீங்கள் தமிழராக இருப்பது குறையாது. மனசார வேறு பெயர் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதுவும் நல்லதே. கட்டாயப்படுத்துகிறவர்களிடம் மட்டும் வசனம் கேளுங்கள்.

கேள்வி: கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்றால், சபையில் ஏன் சாதி இருக்கிறது?

இந்தச் சீட்டை எழுதியவருக்குக் கோபம் இருந்தது. பேனா அழுத்தத்தில் காகிதம் கிழிந்திருந்தது. அந்தக் கோபம் நியாயமானது.

"யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை, நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்" (கலாத்தியர் 3:28). இந்த வசனம் சுவரில் மாட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல. அதற்கு ஓர் அதிகாரத்துக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுச் சண்டை நடக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், பயந்து, மெல்ல விலகிக்கொண்டான். உபதேசத்தில் அவன் எதையும் மாற்றவில்லை, பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தான். அதற்கே பவுல் அவனை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்து, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று கண்டித்தார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பது உபதேசப் பிரச்சினை என்று பவுல் நினைத்தார். நாமோ அதைச் சமூகப் பிரச்சினை என்று சொல்லித் தள்ளிவைக்கிறோம்.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையின் கதை நன்றாகத்தான் தொடங்கியது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியது 1706. மறுவருடம் அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து பேர், டேனியர் வீடுகளின் அடிமைகள். ஐந்து ஒநேசிமுக்கள். ஆனால் வெகு சீக்கிரம் ஆலயத்துக்குள்ளேயே தனித்தனி இடம் வந்துவிட்டது. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பிராமண விதவை 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்று, அங்கே ஆலயம் எழும்பக் காரணமாக இருந்தார். அந்த ஆலயத்தை ஜனங்கள் அழைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோவில். மரியாதையோடுதான் அழைத்தார்கள். ஆனாலும் அவர் விட்டுவந்த சாதியே ஆலயத்துக்குப் பெயராக நின்றுவிட்டதை யோசித்துப் பாருங்கள்.

மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. என் சிறுவயதில், எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு ஓர் உபதேசியார் வீட்டுக்கு வருவார். அருமையாக ஜெபிப்பார். அப்பா அவரை "சகோதரர்" என்றுதான் கூப்பிடுவார். ஜெபம் முடிந்ததும் எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி வரும், அவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளர். அது ஜன்னல் மேல்விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அதை எடுத்துவரும் வேலை என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது, காரணம் கேட்கவில்லை. பதினைந்து வயதில் காரணம் தெரிந்தது, அப்போதும் கேட்கவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு வாரமும் அந்த டம்ளரை வாங்கி, குடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, எங்களை ஆசீர்வதித்துவிட்டுப் போவார்.

அதனால் சொல்கிறேன். கல்யாண விளம்பரத்தில் "பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பம்" என்று போட்டு, அடுத்த சொல்லாகச் சாதியைப் போடுகிறவர்கள், கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எழுப்புகிறவர்கள், அசனப் பந்தியில் யார் பரிமாறுவது என்று பார்க்கிறவர்கள், எல்லாரும் தங்கள் ஞானஸ்நானத்தை மறுத்துக்கொண்டிருக்கிறோம். "நாம்" என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேதுரு பழைய மொழிபெயர்ப்பில் நம்மைப் "பரிசுத்த ஜாதி" என்கிறார் (1 பேதுரு 2:9). அங்கே ஜாதி என்றால் ஜனம், ஒரே ஜனம். உட்பிரிவு கிடையாது.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

1950-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது அநீதி என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். நானும் அவர்களோடு நிற்கிறேன், தீண்டாமை ஞானஸ்நானத் தண்ணீரோடு போய்விடுவதில்லை என்பது மேலே சொன்ன டம்ளரிலேயே தெரிகிறது. படிப்பும் வேலையும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவசரப்படாமல், வீட்டாரோடும் விவரம் தெரிந்த வழக்கறிஞரோடும் பேசிவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் தயங்குவதை அவிசுவாசம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கேள்வி: வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. அம்மா அழுகிறாள். நான் குடும்பத்துக்கு அந்நியமாகிவிட்டேனா?

புது வீட்டுக்குப் பிள்ளையானதால் பெற்ற தாய்க்கு நீங்கள் பிள்ளை இல்லாமல் போகவில்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டே தம் தாயை யோவான் கையில் ஒப்புவித்தவர் நம் ஆண்டவர். முன்னைவிட நல்ல மகளாக, நல்ல மகனாக இருப்பதுதான் உங்கள் முதல் சாட்சி. சாமி படங்களை ஏளனம் செய்யாதீர்கள். எபேசுவில் கலவரம் நடந்தபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே பவுலின் ஆட்களுக்குச் சாட்சி சொன்னான் (அப்போஸ்தலர் 19:37).

வீட்டில் போட்ட சாப்பாட்டைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். இது படைத்தது என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னால், அன்பாக மறுக்கலாம் (1 கொரிந்தியர் 10). பொட்டு, பூ பற்றி வகுப்புக்கு வகுப்பு வாக்குவாதம் வருகிறது. பூ வைப்பதில் எந்தப் பாவமும் இல்லை என்பது என் கருத்து. பொட்டு விஷயத்தில் அவரவர் மனசாட்சி. இதை வைத்து ஒரு பெண்ணின் விசுவாசத்தை அளக்கிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். அப்பா காலமானால் மூத்த மகன் என்ன செய்வது என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். தோள் கொடுப்பது, செலவைத் தாங்குவது, அம்மாவோடு இருப்பது, இவற்றில் முதல் ஆளாக நில்லுங்கள். செய்ய முடியாத சடங்கு எது என்பதை அண்ணன் தம்பிகளிடம் முன்னாலேயே, நிதானமான ஒரு நாளில் பேசி வையுங்கள். பாடையின் பக்கத்தில் நின்று பேசாதீர்கள்.

போன முறை ஞானஸ்நானத்தில் ஒரு கல்லூரி மாணவியின் அம்மா வந்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், முகமெல்லாம் அழுத தடம். கூட்டத்துக்குள் வராமல் தள்ளி நின்றார். மகள் நடுங்கிக்கொண்டே கரையேறியதும், யாரும் சொல்லாமலே வந்து, மடியில் வைத்திருந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

கேள்வி: ராஜாவின் பிள்ளை என்றால் கஷ்டம் வரக்கூடாதுதானே?

நம்மைக் கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர், அதாவது வாரிசுகள், என்கிற ரோமர் 8:17, "அவருடனேகூடப் பாடுபட்டால்" என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ராஜாவின் ஒரே பேறான குமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லாதிருந்தது. கடன் வாங்கிக் காணிக்கை கொடு, இரட்டிப்பாக வரும் என்று யார் சொன்னாலும் பர்ஸை மூடி வையுங்கள்.

கேள்வி: ஒநேசிமு திரும்பிப் போனபோது பிலேமோன் என்ன செய்தான்?

இதைக் கேட்டது எட்டாம் வகுப்புப் பையன். வேதம் அந்தக் காட்சியை எழுதவில்லை. கதவைத் திறந்தது யார், பிலேமோன் முகம் எப்படி மாறியது, ஒன்றும் இல்லை.

ஆனால் அது தனி ஆளுக்கு வந்த கடிதம். எஜமானுக்குச் சங்கடமான கடிதம். அவனுக்குப் பிடிக்காமல் போயிருந்தால் அடுப்பில் போட்டிருக்கலாம், கேட்பார் யாரும் இல்லை. அவன் போடவில்லை. பத்திரமாக வைத்திருந்தார்கள், பிரதி எடுத்தார்கள், மற்றச் சபைகளுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் தம்பி, இன்றைக்கு உன் மடியில் விரித்திருக்கும் வேதாகமத்தில், தீத்துவுக்கும் எபிரெயருக்கும் நடுவில், அந்த ஒரு பக்கம் இருக்கிறது.